எட்டடிப் பலகையும் கூடுவாஞ்சேரிப் பந்தயமும்

புதுப்பட்டினம்
19.10.2009

அன்பு மைத்துனர் ராஜாராம் அவர்களுக்கு சதாசிவம் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் அக்கா ஞானம்பாளும் நலம், என் இடது முழங்கால் நீங்கலாக. அங்கு நீங்களும் சௌபாக்கியவதி அனுவும் குழந்தை சஹானாவும் நலமாகத்தான் இருப்பீர்கள். கூடுவாஞ்சேரியில் அலை கிடையாது.

இதை செல்போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியில் சிரித்துவிட்டு வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். நின்றுவிட்டேன்.

உங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், பந்தியில், ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் உட்பட எல்லோர் முன்னாலும் நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. “மாமா நிக்கிறது பலகையே இல்லக்கா, கட்டிலு. கட்டில் மேல நின்னுகினு துடுப்பால தள்றதுக்கு கடல் எதுக்கு? கூடத்துலயே தள்ளலாமே.” எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் அக்கா சிரிக்கவில்லை, அப்பளம் கேட்டாள். நான் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, கடலோரமாக இந்த வாடகை வீட்டுக்கு வந்ததிலிருந்தே உங்கள் அடுக்குமாடியில் எங்களுக்கும் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறீர்கள் என்பது தெரியும். அன்றைக்குப் பந்தயமே கட்டிவிட்டீர்கள். “மழை புடிக்கிறதுக்குள்ள உங்க வூட்லேர்ந்து ஒருத்தர் சின்னப் பலகையில அலை மேல நின்னு கரைக்கு வந்துட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன். வரலன்னா, தை பொறந்ததும் மூட்டையக் கட்டிகினு இங்க வந்துரணும்.” சரி என்றேன். பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டேன். கடல் இல்லாத ஒரு காலை. அந்த நினைப்போடு கை கழுவப் போனேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இதுவரை நான் நின்று துடுப்புப் போட்ட பதினோரு அடிப் பலகை கட்டில்தான். கழிமுகத்து நீரில் அதன்மேல் நின்றுகொண்டு நான் கொக்குகளைப் பார்த்திருக்கிறேன், ஒரு முறை கொட்டாவிகூட விட்டிருக்கிறேன். ஆனால் அலைக்கு அது ஆகாது. சந்துக்குள் நுழைந்த லாரி மாதிரி, திரும்பாது. எட்டடிப் பலகை அலையின் சரிவில் பாயும், காலை லேசாக அழுத்தினால் திரும்பும். இதையெல்லாம் சொன்னவன் பன்னீர்செல்வம். மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன பலகைகளை இங்கே கொண்டுவந்து, கடற்கரையில் கொட்டகை போட்டுக் கற்றுக்கொடுக்கிற பையன். நல்லவன். வாய்தான் நீளம்.

“இன்னா சார், எட்டடியா? அது அம்பது கிலோ ஆளுக்கு செஞ்சது. ஒன்னு நீ எளைக்கணும், இல்லாங்காட்டி பலக வளரணும்.”

காதில் தண்ணீர் போயிருந்ததால் நான் இதைக் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

சின்னப் பலகையோடு முதல் நாள் கடற்கரையில் நடந்தபோது குவார்ட்டர்ஸ் நண்பர்கள் எதிரே வந்தார்கள். உங்களுக்குத் தெரியும், அங்கே பதவி உயர உயர வீடு பெரிதாகும். முப்பது ஆண்டு அந்தக் கணக்கிலேயே வாழ்ந்தவர்கள். பலகையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். “என்ன சதாசிவம், இறக்கிட்டாங்களா?” சிறிதாவதுதான் உயர்வு என்று விளக்கப் பார்த்தேன், அதற்குள் நடையைக் கட்டிவிட்டார்கள். சட்டை எடுத்தால்கூட வளர்கிற பிள்ளை என்று ஓர் அளவு பெரிதாக எடுக்கிற குடும்பம் நாம். என் கல்யாணச் சட்டைக்கு நான் இப்போதுதான் வளர்ந்து சேர்ந்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. பட்டறையில் வேலை பார்த்தவனுக்கு அன்றைக்குக் கை சும்மா இருக்காது, பன்னீரிடம் கேட்டுப் பலகையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன், கூடத்தில் ஸ்டூல் மேல் வைத்துப் பார்த்தால் மேற்பரப்பு முழுக்க யாரோ மெழுகுவர்த்தியைச் சிந்தியது போல அழுக்காக ஒட்டியிருக்கிறது, வெள்ளைக்காரனுக்குப் பொருளை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று தோசைத் திருப்பியை எடுத்து ஒரு பொட்டு விடாமல் சுரண்டினேன், உங்கள் அக்கா “ஏங்க, அது வேணும்னே தடவினதா இருக்கப் போவுது” என்றாள், கருவியைப் பற்றி எனக்குச் சொல்கிறாயா என்று கேட்டுவிட்டு, கருவி என்றால் எண்ணெய் போட வேண்டும் அல்லவா, அரைப் படி தேங்காயெண்ணெயை ஊற்றித் துணியால் தேய்த்தேன், மூக்கிலிருந்து வால்வரை, முகம் தெரிகிற மாதிரி மின்னியது, அதன்மேல் சந்தனம், குங்குமம், கதம்பச் சரம், மறுநாள் கடற்கரை மணலில் அடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சுற்றி நின்றவர்களுக்குப் பொரியும் கொடுத்துவிட்டு, இடுப்பளவு நீரில் பலகையை மிதக்கவிட்டு வலது காலைத் தூக்கி வைத்தேன்.

பலகை ஓரிடம். நான் ஓரிடம். கதம்பம் மட்டும் கரைக்கு வந்தது.

மறுபடி ஏறினேன். வாணலியிலிருந்து வடை வழுக்குவது போல வழுக்கினேன். பன்னீர் ஓடிவந்து பலகையைத் தொட்டுப் பார்த்து, விரலை முகர்ந்து பார்த்து, மணலில் உட்கார்ந்துவிட்டான். “சார்... கால் புடிக்கிறதுக்கு தடவின மெழுகு சார் அது. நீ அதச் சொரண்டிட்டு எண்ண ஊத்தி வச்சிகீறியே! தாளிக்கப் போறியா?”

மெழுகு கையிருப்பில் இல்லை. பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ரெபேக்காள்தான் காப்பாற்றினாள். எண்ணெயைச் சீயக்காய் போட்டுக் கழுவிக் காய்ந்ததும், தன் பையிலிருந்து இரண்டு மெழுகுவர்த்தி எடுத்துக் கொடுத்தாள். “மாதாவுக்கு வாங்கி வச்சது சாரே. நல்லாத் தேய்ச்சிக்கோ. ஆனா நீ வுழுந்தா அவங்க பேரக் கெடுக்காத.” விழுந்தேன். பேரைக் கெடுக்கவில்லை. இந்தப் பக்கம் விழுந்தேன், அந்தப் பக்கம் விழுந்தேன், பலகை மேலேயே விழுந்தேன்; முழங்கால் அப்போது போனதுதான். உங்கள் அக்கா தினமும் குடை பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்து என் கண்ணாடியையும் செருப்பையும் காவல் காத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நேற்று. காற்று இல்லை. தூரத்தில் ஒரு கோடு கருத்தது. துடுப்பை மூன்று முறை இழுத்தேன். பின்னாலிருந்து பலகையை யாரோ மெல்லத் தூக்குவது போல. எனக்கு வயது இல்லை, எடை இல்லை. நுரை இருபுறமும் ஓடியது. நிற்கிறேன். துடுப்பு கையில் இருக்கிறது. நிற்கிறேன். கரையில் ரெபேக்காள் எழுந்து நின்று கூவினாள்: “சாரு நிக்கிறாருடியோய்! கால் தெரியல, ஆனா நிக்கிறாரு!”

அலை கரை சேர்ந்தது. நான் நின்றபடி இருந்தேன். எது எதைக் கொண்டுவந்தது என்று ஆராய்வது நமக்கு அழகல்ல.

ஆகவே கூடுவாஞ்சேரிப் பேச்சு இத்துடன் முடிந்தது. அந்த வீட்டை வேறு யாருக்காவது சொல்லிவிடுங்கள். பதினோரு அடிப் பலகை எனக்கு இனித் தேவைப்படாது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நீங்கள் ஏறிப் பழகலாம். தொடங்குகிறவர்களுக்குக் கட்டில்தான் நல்லது. நம் இரண்டு குடும்பத்திலும் அலைமேல் நின்றவன் நான் ஒருவன்தான் என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

குழந்தை சஹானா விழுந்து எழுந்து நூறாண்டு வாழட்டும். அனுவுக்கு என் ஆசிகள். உங்களுக்கும், கேட்டால்.

இப்படிக்கு,
நின்றவன்,
சதாசிவம்

பி.கு.: உறையை ஒட்டும் முன் உங்கள் அக்கா வாங்கிப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

“எல்லாம் சரிங்க. மணல்ல குத்திகினு நின்னத மட்டும் எழுதலியே?”

பலகைக்கு அடியில் மீனுக்கு இருப்பது போல ஒரு சிறகு உண்டு. என் எடைக்குப் பலகை நீருக்குள் அமுங்கியதில் அது மணல்திட்டில் குத்திக்கொண்டது. முழங்காலளவுத் தண்ணீர். பலகை அசையவில்லை, அதனால் நான் விழவில்லை. அலை என்னைத் தாண்டிப் போனது. நடந்தது அவ்வளவுதான்.

“அப்ப கூடுவாஞ்சேரியா?” என்றாள். நான் உறைக்குப் பசையைத் தேடினேன்.

“அங்க போய் காலைல நான் எந்த மணல்ல ஒக்காருவேன்?”

இத்தனை நாள் நான் கேட்காத கேள்வி.

மறுநாள் சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள். பன்னீர் அவளைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். “அக்கா, இது உனக்குன்னே செஞ்சாப்ல கீதே!” விழுந்தாள். அடுத்த நாளும் விழுந்தாள். காதில் தண்ணீர் என்று சொல்லவில்லை. கடிதம் மேசைமேலேயே கிடந்தது. இன்று காலை, மழைக்கு முன்னால் கடைசி நல்ல கடல் என்று பன்னீர் சொன்ன நாள், கருத்த கோடு வந்தது, எழுந்து நின்றாள், சரிவில் பாய்ந்தாள், நுரை வழியே ஒரு வளைவு வளைந்து, கணுக்கால் மட்டுமே நனைகிற இடத்தில் இறங்கி நடந்து வந்தாள். ரெபேக்காள் கூவவில்லை. சிலுவை போட்டுக்கொண்டாள்.

“செருப்பு எங்கங்க?”

என் கையில் இருந்தது. குடையும்.

எல்லாவற்றையும் புதிதாக எழுத நேரமில்லை, கண்ணும் கொஞ்சம் கலங்கியிருக்கிறது, உப்புத் தண்ணீர். மேலே ‘நின்றேன்’ என்று இருக்கும் இடங்களில் ‘உங்கள் அக்கா நின்றாள்’ என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் போட்ட இடம் மட்டும் அப்படியே இருக்கட்டும். அந்த வீட்டை இப்போது நிச்சயமாக வேறு யாருக்காவது சொல்லிவிடுங்கள்.

பெரிய பலகைக்காக வர வேண்டாம். அதில் நான் நிற்கிறேன்.