மாடி வீட்டுக்கு முப்பத்தொரு கேள்விகள்

கோவில்பட்டியில் ஜாதியை ஒழித்தவர் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பெருமாள்சாமி அண்ணாச்சி. ஒழித்த வருடம் 1999. ஒழித்த இடம் அவருடைய மாடி வீடு. இதற்காக ஊரில் இதுவரை ஒரு பாராட்டுக் கூட்டம்கூட நடக்கவில்லை. அந்தக் குறையை நானாவது தீர்த்து வைக்கிறேன்.

அண்ணாச்சிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. எங்கள் பக்கம் ஃபாக்டரியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். புதிதாகக் கட்டிய மாடி வீட்டுக்குத் 'தகுதியானவர்களைத் தேர்வு செய்ய' அவர் விண்ணப்பப் படிவமே அச்சடித்திருந்தார். தீப்பெட்டிக்கு மயில் லேபிள் அடித்து மிஞ்சிய தாள். ஒரு பக்கம் முப்பத்தொரு கேள்விகள், மறுபக்கம் பன்னிரண்டு மயில்கள்.

என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் கருத்தையா சார் விண்ணப்பித்தார். அவர் மனைவி வேலுத்தாய்க்கு ஏழாம் மாதம். பசுவந்தனைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு செக்கப்புக்கு வந்தவரை டாக்டரம்மா சத்தம் போட்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உடனே வீடு பார்த்தாக வேண்டும். மாடி வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. துணைக்கு நானும் போனேன்.

படிவத்தைப் படித்தேன். 'மாவு ஆட்டுவது கிரைண்டரிலா, உரலிலா?' 'தண்ணீர் வரும் நாளில் எத்தனை விருந்தாளிகள், வராத நாளில் எத்தனை?' எங்கள் ஊரில் ஒன்பது நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும். இந்தக் கேள்வி நியாயமானது. 'குலதெய்வம் எது, கோயில் எந்த ஊரில்?' கோயில் கொடை விழாவுக்குப் போகும்போது வீட்டைப் பூட்ட வேண்டுமல்லவா? 'சொந்த ஊரில் எந்தத் தெரு?' அவசரத் தந்திக்கு. இரண்டு தடவை தேடியும் ஜாதி என்ற வார்த்தை மட்டும் கிடைக்கவே இல்லை. எனக்குப் புல்லரித்தது.

"நமக்கு ஜாதி கீதியெல்லாம் கெடையாது சார். மனுசன்தான் முக்கியம்" என்றார் அண்ணாச்சி. உள்ளே பார்த்து, "ஏட்டி கல்யாணி, ரெண்டு காப்பி போடு" என்று குரல் கொடுத்துவிட்டு, கருத்தையா சார் எழுதிக் கொடுத்த படிவத்தைப் பார்த்து, "தெருவ எழுதலியே சார்?" என்றார்.

"எங்க பக்கம் தெருப்பேரு கெடையாது அண்ணாச்சி."

"சரி, பஸ்ஸ விட்டு எறங்கி எங்கிட்டு நடப்பீங்க?"

"கெழக்க."

"கெழக்கன்னா, ஓடைக்கு இங்கிட்டா, அங்கிட்டா?"

"அங்கிட்டு அண்ணாச்சி."

"அங்கிட்டு" என்று அண்ணாச்சி மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்து, "ஏட்டி, காப்பி ஒண்ணு போதும். சாருக்குக் கலர் வாங்கியாரேன்" என்று எழுந்தார்.

நூறு பேருக்குக் கூலி கொடுக்கும் மனிதர், வெறுங்காலோடு முக்குக் கடைக்கு நடந்து போய், கலர் சோடா பாட்டிலைத் தம் கையாலேயே வாங்கி வந்தார். இந்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டு டம்ளரில் காப்பியைத்தான் குடித்தேன். என்னிடம் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "நீங்க நம்ம அழகிரிசாமி மருமகன்லா!" என்றதோடு சரி.

மூன்றாம் நாள் 'தேர்வு முடிவு' வந்தது. அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவிய தங்கமான மனுசன் சார். ஆனா மாடிக்கு இருவது படி. பிள்ளத்தாச்சி ஏறலாமா? நாளப்பின்ன ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?"

என்ன கருணை! முக்கால் மணி நேரம் பஸ்ஸில் குலுங்கலாம். இருபது படி மட்டும் ஏறக் கூடாது. மருத்துவம் தெரியாதவர்களுக்கு இது விளங்காது.

"நீங்களும் வீடுதான தேடுதீங்க? பேசாம நீங்க வந்துருங்க" என்றார் அண்ணாச்சி.

"என் வீட்டுக்காரி பிரேமலதாவும் உண்டாயிருக்கா அண்ணாச்சி."

"நல்லதாப் போச்சு! படி ஏறி எறங்குனா சுகப்பிரசவம்லா!"

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டேன். வீடு நல்ல காற்றோட்டம்.

விஷயத்தைச் சொன்னபோது கருத்தையா சார், "நீங்க அந்தக் கேள்விப் பாரம் எழுதிக் குடுத்தீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி சார், பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்று போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து வேலுத்தாய்க்குப் பஸ் ஸ்டாப்பில் வலி கண்டது. அந்த வழியாக வந்த மிளகாய் வற்றல் வேன்காரர் ஒன்றுமே கேட்காமல் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார். தாயும் பிள்ளையும் சுகம்.

ஜாதி ஒழிந்த அந்த மாடியில் ஆறு வருடம் இருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் எல்லோரும் வந்து சாப்பிட்டுப் போயிருக்கிறார்கள், ஒருவரைத் தவிர. அவரைக் கூப்பிடக் கூடாது என்று அண்ணாச்சி ஒருநாளும் சொன்னதில்லை. அண்ணாச்சிக்கு அந்தச் சிரமத்தையே நான் வைக்கவில்லை.