வேலைக்கு வந்தும் வராதவள்

ரப்பரில் உலோகத் துகள் கலந்து செய்த அந்தப் படலம், சுருங்கியிருக்கும்போது உடம்புச் சூட்டின் அகச்சிவப்புக் கதிர்களை மறைக்கும். இழுத்தால் வெளியே விட்டுவிடும். எவ்வளவு மறைக்கிறது, எவ்வளவு விடுகிறது என்று அளப்பது அரசு ஆய்வகத்தின் புது ஆய்வாளரின் பொறுப்பு. அறிக்கை தேறினால் வேலை நிரந்தரம். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அம்மா தங்கள் தெருவுக்கெல்லாம் சொல்லி முடித்து, பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தாள்.

சட்டத்தில் மாட்டிய படலத்துக்குப் பின்னால் அவளே நின்றுகொண்டாள். உடம்புச் சூட்டை யாரிடம் இரவல் கேட்பது? வாரம் முழுக்க இழுத்தாள், விட்டாள், அளந்தாள். படலம் அற்புதமாக மறைத்தது.

வினை அங்கேதான். கைரேகை வைப்பது பழைய பாணி என்று, மேலான நிர்வாகம் அறைதோறும் வெப்பக் கேமரா மாட்டி, அதில் நாள் முழுக்கத் தெரிவதையே வருகைப்பதிவாக அறிவித்திருந்தது.

"வாரம் பூரா நீங்க வரலையேம்மா," என்றார் நிர்வாக அதிகாரி.

"தினமும் உங்களுக்கு வணக்கம் வெச்சேனே சார்!"

"வெச்சீங்க, நானும் தலையாட்டினேன். அது என் சொந்தக் கருத்து. கேமரா சொல்றதுதான் ஆபீஸ் கருத்து."

"படலம் என் சூட்டை மறைச்சிடுச்சு சார்."

"வராத ஆள் எப்படிம்மா அளந்தீங்க? அளவே செல்லாது. ஒண்ணு பண்ணுங்க. படலம் மறைக்காதுன்னு எழுதுங்க. மறைக்காதுன்னா நீங்க கேமராவுல தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சிருக்கணும்னா வந்திருக்கீங்க. நான் வருகை போட்டுடறேன்."

மனசு கேட்கவில்லை. வீட்டில் கேட்டாள்: "அம்மா, நான் வேலைக்குப் போனேன்தானே?"

"டிபன் பாக்ஸ் காலியா வந்துச்சே, வேறென்னடி சாட்சி? அதை விடு, நிரந்தரமாச்சா?"

மறுநாள், 'எவ்விதத்திலும் மறைக்காது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நிரந்தரமாயிற்று.

உதவாத படலத்தை ஊழியர்களே எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. ஆளாளுக்குக் கோட்டு தைத்தார்கள். அதை அணிந்தவர் கேமராவில் தெரியாவிட்டாலும் வந்தவரே என்பதற்கு அவளே முன்னுதாரணம். அதனால் கோட்டோடு வந்தார்கள். பிறகு கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டுப் போனார்கள். பிறகு வரவே இல்லை. கேமராவில் ஒருவரும் தெரியவில்லை. முழு வருகை பதிவாயிற்று. வெளியிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. எல்லாம் எப்போதும்போலவே நடக்கிறது என்றார்கள் மக்கள்.

அவள் மட்டும் கோட்டில்லாமல் தினமும் வந்து, உண்மையான அளவுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் நிர்வாக அதிகாரி வீட்டிலிருந்து போன் செய்தார்.

"ஏம்மா, கட்டடத்துல ஆள் நடமாட்டம்னு கேமரா காட்டுது. நீங்கதானா? ஆபீஸ் நேரத்துல உங்களுக்கு அங்க என்ன வேலை?"