ஓர் அங்குலம் குறைந்த டேப்பும் ஐம்பத்தேழு ஜன்னல்களும்

டாஸ்கெட் துறை, மேய்ன்.
நவம்பர் 16, சனிக்கிழமை, மாலை நான்கு மணி.

அன்பும் கொஞ்சம் பயமும் கலந்த மரியாதைக்குரிய மூத்த சகோதரி லொரெய்ன் அவர்களுக்கு,

தங்கள் ஒரே தம்பி எல்வுட் பிங்கம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வலது முழங்காலும் சௌக்கியம். இடது முழங்காலைப் பற்றிப் பின்னால் வருகிறது. அங்கே தாங்களும் அத்தானும் அத்தானின் ரத்த அழுத்தமும் புளோரிடா வெயிலில் நலமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறு தவறாமல் சர்ச்சில் வேண்டிக்கொள்கிறேன்.

மரியாதை இத்தோடு போதும். அக்கா, நான் இந்த வீட்டை விற்றுவிட்டு உன்னிடமே வந்துவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்குள் வந்து சேருவேன். உன் வீட்டுச் சின்ன அறையில் இருக்கும் தையல் மெஷினை எடுத்துவிட்டு ஒரு கட்டில் போட்டு வை. என் மனைவி ஐரீன் கண்ணை மூடிய இந்த நாலு வருடமாக நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய், நான்தான் கேட்கவில்லை. இப்போது என்ன வந்தது என்று கேட்பாய். எல்லாவற்றுக்கும் காரணம் நீதான். அது எப்படி என்று கடைசி வரை படித்தால் தெரியும்.

நம் ஊரில் பருவநிலைக் குழு என்று ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, காபி உண்டு. ஜனவரியில் கடல் இரண்டு முறை துறைமேடை மேலேறி வந்து தூண்டில் இரை வைக்கும் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, ஊர் மன்றத்துக்கு இனி என்ன செய்வது என்று யோசனை சொல்ல ஆள் தேவைப்பட்டது. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற கான்ஸ்டன்ஸ் ஹாலோவெல்தான் தலைவி. ஒருவர் மூன்று நிமிடத்துக்கு மேல் பேசினால் மேஜை மணியை அடிப்பாள். டிராவிஸ் பீல், அவன்தான், நான் கட்டிக்கொடுத்த படகில் சிங்கி இறால் பிடிக்கிறவன், தண்ணீர் சூடாகி இறாலெல்லாம் கனடாவுக்குக் குடிபோகிறது என்ற கோபத்தில் சேர்ந்திருக்கிறான். இன்னொருத்தி ஹோதான் வர்சாமே. சோமாலியாவிலிருந்து வந்தவள், பதினோரு வருடமாக நம் ஊர்ப் பள்ளி பஸ்ஸை ஓட்டுகிறாள். அவர்கள் வழக்கப்படி என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது அவள் கூப்பிடாவிட்டால்தான் என்னவோ போல் இருக்கிறது.

நான் இந்தக் குழுவில் சேரப் போகவில்லை, சண்டை போடப் போனேன். சர்ச் பலகையில் இருந்த, ஊரே கூடிச் சாப்பிடும் பீன்ஸ் விருந்து அறிவிப்பின் மேலேயே இவர்கள் தங்கள் கூட்ட அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டரை நிமிடம் மூச்சுவிடாமல் பேசினேன். கான்ஸ்டன்ஸ் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்து, "நல்ல கருத்து, எல்வுட். இனிமே அறிவிப்புப் பலகைய நீங்களே பாத்துக்கங்க" என்றாள். அடுத்த கூட்டத்துக்கு ராஜினாமா கொடுக்கப் போனேன். அங்கே ஜன்னலுக்கு உள்பக்கமாகப் பொருத்தும் மர ஃபிரேமைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டி, சுற்றிலும் ஸ்பான்ஜ் வைத்து, ஜன்னலில் அழுத்திவிட்டால் குளிர்காற்று உள்ளே வராதாம், வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் எண்ணெய் பாதி மிச்சமாகுமாம். அவர்கள் சொன்ன மரத்தில் செய்தால் ஒரே வாரத்தில் முறுக்கிக்கொள்ளும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "நல்ல கருத்து, எல்வுட்." அளவெடுப்பதும் தச்சுவேலையும் என் தலையில் விழுந்தது. இந்தக் குழுவில் வாயைத் திறந்தால் வேலை கொடுக்கிறார்கள், திறக்காவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொள்கிறார்கள்.

இனி உன் பங்குக்கு வருகிறேன். 1967ல் கருப்பஞ்சாற்றுப் பாகு டின்னைத் திறக்க, அப்பாவின் இரும்பு அளவு டேப்பின் நுனியைக் கொடுத்து நெம்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? டின் திறக்கவில்லை, டேப்பின் முதல் அங்குலம் கொக்கியோடு சேர்ந்து பட்டென்று போனது. அப்பா உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஒண்ணைக் கழிச்சுக்கோ, அவ்வளவுதானே" என்றார். அன்றிலிருந்து நம் வீட்டில் எல்லோரும் கழித்தோம். டேப்பில் பத்து என்று வந்தால் ஒன்பது. நாற்பது வருடம் அந்த டேப்பை வைத்துத்தான் படகு கட்டினேன். ஒரு படகும் ஒழுகியதில்லை. கழிக்கிறேன் என்பதே எனக்கு மறந்து போனது, மூச்சுவிடுகிற மாதிரி அது தானாக நடந்தது.

முதலில் என் வீட்டு ஜன்னல் நான்கையும் நானே அளந்தேன். அடுத்து கான்ஸ்டன்ஸ் வீடு. அங்கே முதல் ஜன்னலை அளக்கும் முன்பே, மாடிப்படியில் ஏறும்போது இடது முழங்கால் என்னைக் கைவிட்டது. அதன் பிறகு நான் கீழே டேப்பின் நுனியைப் பிடிக்க, ஹோதான் ஸ்டூல் மேல் ஏறி எண்ணை வாசித்து அவளே நோட்டில் எழுதினாள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்துத்தான் எழுதினாள். பதினாறு வீடு, ஐம்பத்து மூன்று ஜன்னல். எண்ணை வாசிக்கிறவர்தான் கழிப்பார் என்பது நம் குடும்ப வழக்கம். அதை அவளிடம் யார் சொல்வது? எனக்குத் தோன்றவே இல்லை, அக்கா. கல்லறையில் இருக்கும் அப்பா மேல் ஆணையாகத் தோன்றவில்லை.

மூன்று சனிக்கிழமை சர்ச் கூடத்தில் ஊரே கூடி ஃபிரேம் செய்தது. பிளாஸ்டிக் தாளை இறுக்க ஒன்பது பேர் ஒரே நேரத்தில் ஹேர் டிரையர் போட்டு இரண்டு முறை ஃபியூஸ் போனது. டிராவிஸ் தன் விரலையும் சேர்த்து ஒட்டிக்கொண்டான். பாதிரியார் வாயால் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னார், அதையும் கான்ஸ்டன்ஸ் குறிப்பேட்டில் எழுதிவிட்டாள். ஐரீன் போன பிறகு நான் இத்தனை பேரோடு உட்கார்ந்து சிரித்தது அந்த மூன்று சனிக்கிழமையில்தான்.

இன்று காலை பொருத்தும் நாள். முதல் நான்கு ஃபிரேம் என் வீட்டுக்கு. கச்சிதமாக உட்கார்ந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து கான்ஸ்டன்ஸ் வீட்டுக் கூடத்து ஜன்னல். டிராவிஸ் தள்ளினான், நான் தள்ளினேன், பாதிரியார் தோளைக் கொடுத்துத் தள்ளினார். நுழையவில்லை. படுக்கையறை, சமையலறை, குளியலறை, எதிலுமே நுழையவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போனோம், அங்கேயும் அதே கதை. அகலத்தில் ஓர் அங்குலம் அதிகம், உயரத்தில் ஓர் அங்குலம் அதிகம். அந்த ஓர் அங்குலத்தைப் பார்த்த நொடியே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

டிராவிஸ்தான் ஆரம்பித்தான். "பெரிசு வீட்டுக்கு மட்டும் எப்படிச் சரியா இருக்கு?"

"அதை எல்வுட் தானே அளந்தாரு" என்றாள் கான்ஸ்டன்ஸ். பிறகு குரலைத் தணித்து, "மத்ததெல்லாம் ஹோதான் வாசிச்சது. அவங்க ஊர்ல சென்டிமீட்டர் கணக்கு இல்லையா, பாவம், குழம்பியிருக்கும்" என்றாள்.

"சென்டிமீட்டர்னா ஃபிரேம் ரெண்டரை மடங்கு பெருசாகித் தெருவுல நின்னிருக்கும்மா" என்றான் டிராவிஸ். ஆனால் அவன் கண்ணும் ஹோதான் பக்கம்தான் போனது.

ஹோதான் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "நான் ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை பாத்துத்தானே எழுதினேன், பெரியப்பா? நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?" என்று கேட்டாள்.

அக்கா, அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம் போதும். நாற்பது வருடம் படகு கட்டியவன் உடைந்த டேப்பால் அளந்தான் என்று ஊர் சிரிக்குமே என்று தோன்றியது. "பழைய ஜன்னல்மா, கோணல்மாணலா இருக்கும்" என்று முணுமுணுத்துவிட்டு, டேப்பை அங்கேயே போட்டுவிட்டு, முழங்கால் வலி என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன்.

இப்போது சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன். மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்த்தேன், சுடர் அசையவே இல்லை. இந்த வீடு கட்டிய நாளிலிருந்து இப்படிக் கதகதப்பாக இருந்ததில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஐந்து மணிக்குச் சர்ச்சில் பீன்ஸ் விருந்து. முப்பத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக நான் போகப்போவதில்லை. ஊர் முகத்தில் எப்படி விழிப்பது? ஆகவே கட்டிலைத் தயார் செய். மெத்தை கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும், முதுகுக்கு நல்லது.

அத்தானுக்கு என் வணக்கங்கள். கடவுள் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல கண்பார்வையும் எளிதில் திறக்கும் டின்களும் அருளட்டும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
எல்வுட்

பின்குறிப்பு (ஞாயிறு காலை): தையல் மெஷின் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

நேற்று மாலை உறைக்குள் இதைப் போடும்போதே கதவைத் தட்டினார்கள். ஹோதான். ஒரு கையில் நம் டேப், இன்னொரு கையில் அவள் மகளுடைய பள்ளிக்கூட அடிக்கோல்.

"இந்த அடிக்கோல் பன்னெண்டு அங்குலம். உங்க டேப்புல வச்சா பதிமூணு காட்டுது. எது பொய் சொல்லுது, பெரியப்பா?"

"டேப்புதான்."

"எப்பலேர்ந்து?"

"அறுபத்தேழுலேர்ந்து."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "பதினோரு வருஷமா இந்த ஊர்ப் பிள்ளைங்கள பஸ்ல கூட்டிட்டுப் போறேன். பனியில கூட ஒரு நாள் லேட்டானதில்ல. இன்னிக்கு ஒரு காலைப்பொழுதுல எண்ணத் தெரியாதவ ஆயிட்டேன். நீங்க பாத்துட்டு நின்னீங்க" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா, மறைக்காமல் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்டேன். அவள், "எங்கிட்ட கேட்டா போதாது. கோட்டைப் போடுங்க, பீன்ஸ் ஆறுது. நான் எதுவும் சொல்லமாட்டேன், நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

போனேன். எழுந்து நின்றேன். கான்ஸ்டன்ஸ் மூன்று நிமிடம் கொடுத்தாள். எல்லோருக்கும் புரிய வேண்டுமே என்று உன்னிடமிருந்து ஆரம்பித்தேன். நீ பாகு டின்னை எடுக்கும்போதே மணி அடித்துவிட்டது. கூடுதல் நேரம் கேட்டேன், டிராவிஸ் வழிமொழிந்தான். ஒருவழியாக எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

பிறகு டிராவிஸ் மெதுவாக, "அப்ப என் படகு?" என்றான்.

"அதுல நான் கழிச்சிருக்கேன்டா."

அதற்குப் பிறகு வந்த சிரிப்பு பாதிரியார் வீட்டு நாய்க்கே கேட்டிருக்கும். நான் பயந்த சிரிப்பு இதுதானா என்று இருந்தது. கான்ஸ்டன்ஸ் எழுந்து ஹோதானிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு, அதைத் தன் கையாலேயே குறிப்பேட்டில் எழுதினாள். ஹோதான் தன் நோட்டை விரித்து, "எல்லாத்துலயும் ஒண்ணு கழிச்சா சரியான அளவு வந்துடும். ஒருத்தர் வீட்டுக்குப் பெருசா இருக்கறது இன்னொருத்தர் வீட்டுக்குப் பொருந்தும்ல?" என்றாள். கடைசி இனிப்பைப் பரிமாறி முடிப்பதற்குள் முப்பத்து நான்கு ஃபிரேமுக்கு வீடு கண்டுபிடித்துவிட்டாள். இன்று சர்ச் முடிந்ததும் ஊரே ஆளுக்கொரு ஜன்னலைத் தூக்கிக்கொண்டு தெருவில் போகப் போகிறது. கான்ஸ்டன்ஸின் குளியலறை ஃபிரேம் டிராவிஸின் சமையலறைக்குப் போகிறது. இரண்டு பேருக்கும் அதில் சந்தோஷம் இல்லை, ஆனாலும் பொருந்துகிறது. மீதிப் பத்தொன்பதையும் பிரித்து அறுத்து மறுபடி ஒட்ட வேண்டும். அதற்கு யாராவது பொறுப்பேற்க வேண்டுமே என்று நான் சொல்லிவிட்டேன். "நல்ல கருத்து, எல்வுட்."

அதனால் வசந்தம் வரை என்னால் ஊரை விட்டு அசைய முடியாது. வீட்டை விற்கும் பேச்சையும் மறந்துவிடு.

இன்னொன்று. நேற்று என்னை வீட்டில் இறக்கிவிடும்போது ஹோதான் அந்த டேப்பை வாங்கி, சிவப்பு மார்க்கரால் அதன் மேல் "ஒன்றைக் கழிக்கவும்" என்று எழுதிக் கொடுத்தாள். கால் நிமிட வேலை. அப்பா, நீ, நான், ஐரீன், இத்தனை பேர் இத்தனை வருடம் அதைக் கையில் வைத்திருந்தோம். நம்மில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லையே, அக்கா.