சீப்புக்கு ஒரு ஓட்டு

இந்தத் தடவை சீப்புக்குத்தான் என்று வேணு முடிவு செய்து பத்து நாளாகிறது. போன மூன்று தேர்தலிலும் இதே மாதிரி வீரமாகக் கிளம்பி, சாவடிக்குள் போனதும் பயந்து, பெரிய கட்சிக்கே குத்திவிட்டு வந்த மனுஷர்தான். ஆனால் இப்போது சாக்கடை அவருடைய படச் சட்டக் கடைக்குள்ளேயே வந்துவிட்டது. பெரிய கட்சிக் கவுன்சிலர் சக்கரபாணி அதைத் தாண்டிக் குதித்து வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார். சீப்புச் சின்னத்தில் நிற்கும் சுயேச்சை சுப்பிரமணியோ, சொந்த மண்வெட்டியோடு வந்து பாதித் தெருவை அள்ளிவிட்டார்.

ஓட்டுப் போடும் நாள். பால் வாங்கி வந்த மனைவி ரேணுகாம்பாள் அடுப்படியிலிருந்து காபியோடு வந்தாள். இடது கை ஆள்காட்டி விரலில் மஞ்சள் துணி. வெங்காயம் நறுக்கும்போது வெட்டிக்கொண்டாளாம்.

"கிளம்பு, சீப்புக்குக் குத்திட்டு வந்துடலாம்."

"நான் பெரிய கட்சிக்குத்தாங்க. ஜெயிக்கிறவங்களுக்குப் போட்டாத்தான் காரியம் ஆவும்."

"அடியே! உன் ஓட்டு என் ஓட்ட அடிச்சுடுமே!"

"அதான் சொல்றேன். ரெண்டு பேருமே போவ வேணாம். கடை லீவுதானே, கிரிவலம் போலாம். புண்ணியமாவது ஜாஸ்தி ஆவும்."

"நடுவுல நழுவிடுவ நீ."

"இந்த நிமிஷத்துலேர்ந்து சாவடிப் பக்கமே போவ மாட்டேன். மலை மேல சத்தியம். நீங்களும் பண்ணுங்க."

ஜன்னலில் மலை தெரிந்தது. பண்ணிவிட்டார்.

பதினாலு கிலோமீட்டர். வெறுங்கால். தார் ரோடு. ரமணாசிரமம் தாண்டுவதற்குள் பாதம் கொப்பளித்துவிட்டது. எட்டு லிங்கத்திலும் அவள் சாவகாசமாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். யம லிங்கத்தில் வேணுவுக்கு அழுகையே வந்தது. ஆயுசில் ஒரு ஓட்டாவது மனசுப்படி போட ஆசைப்பட்டார், அதுவும் போயிற்று. குபேர லிங்கத்தில் அதைவிட மோசமான ஒன்று தோன்றியது. சாவடிக்குப் போயிருந்தாலும், கடை லைசென்சை நினைத்துப் பயந்து, சக்கரபாணிக்குத்தான் குத்தியிருப்போமோ? தன்னை நினைத்தே வெறுத்துப்போனார்.

வீடு திரும்பும்போது மணி ஐந்தரை. வாக்குப்பதிவு ஐந்து மணிக்கே முடிந்துவிட்டது. பாவம், இவளும் வெட்டுக் கையோடு நடந்தாளே என்று மருந்தை எடுத்து, விரல் துணியை அவிழ்த்தார். வெட்டு இல்லை. மை இருந்தது.

"இன்னாடி இது? மலை மேல சத்தியம் பண்ணியே!"

"பண்ணது எட்டு மணிக்கு. ஓட்டுப் போட்டது ஏழு மணிக்கு, பால் வாங்கப் போனப்ப. அதுக்கப்புறம் போனேனா?"

"அப்ப சக்கரபாணிக்கு ஒண்ணு விழுந்துடுச்சு."

"சீப்புக்குப் போட்டேங்க."

வேணுவுக்குத் தலை சுற்றியது. "அடிப்பாவி! நானும் போட்டிருந்தா ரெண்டா ஆயிருக்குமே!"

"நீங்க உள்ள போனா யாருக்குக் குத்துவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

வேணு கொப்பளித்த காலை நீட்டி உட்கார்ந்தார். ரேணுகாம்பாள் மருந்தை வாங்கி அவர் பாதத்தில் தடவினாள்.

"செருப்பில்லாம நடந்து பழகிக்குங்க. அடுத்த தேர்தலுக்கும் கிரிவலம்தான்."