விரலக்கா அளந்த கடல்

அரபிக்கடலை விரலால் அளந்தவர் உலகத்திலேயே எங்கள் விரலக்கா ஒருவர்தான். மாலுமிகள் கடல் மைல் கணக்கில் பேசுவார்கள். அக்காவுக்கு அதெல்லாம் கிடையாது. "ரெண்டு கையும் வச்சாச்சு" என்றால் கப்பல் பாரசீக வளைகுடாவை விட்டுக் கிளம்பிவிட்டது. "ரெண்டு விரல்" என்றால் லட்சத்தீவைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.

தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்கு எதிரே ஒரு மாடியில், ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கிக் கொடுக்கும் அலுவலகத்தில் அக்கா வேலை பார்த்தார். திரேஸ்புரத்துக்காரர். கணவருக்குச் சரக்குக் கப்பலில் இஞ்சின் ரூம் வேலை. பத்திரிகைக்குக் கப்பல் வருகை விவரம் வாங்க நான் தினமும் அந்த மாடி ஏறுவேன்.

அவர் மேசையில் ஒரு பழைய சதுர மானிட்டர் இருந்தது. எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் வரைபடம் அதில் எந்நேரமும் திறந்திருக்கும். கண்ணாடியில் தூத்துக்குடி வரும் இடத்தில் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்கும் கணவர் கப்பலைக் குறிக்கும் பச்சை அம்புக்கும் நடுவே அக்கா விரல்களை அடுக்குவார். ஒருமுறை முதலாளி, சாத்தான்குளத்து அண்ணாச்சி, தன் கையை வைத்துப் பார்த்து நாலு விரல் என்றார். அக்கா கணக்கில் ஆறு.

"உங்க விரல வச்சா அளக்குதீய? ஒவ்வொண்ணும் பனங்கிழங்கு மாதிரி இருக்கு. எடுங்க அண்ணாச்சி, கப்பலு முங்கிரும்!"

கப்பல் வழியில் எங்காவது நங்கூரம் போட்டுவிட்டால் திரையைப் பார்த்துத் திட்டுவார். "ஏ மூதேவி, அங்கன என்னத்துக்கு நிக்க? நவுந்து தொலயேன்!" ஒருநாள் அந்த நேரம் பார்த்து வாசலில் நின்ற கூரியர்காரர் பதறி இரண்டு படி இறங்கிவிட்டார்.

இத்தனை அளவுக்கும் ஒரு காரணம் இருந்தது. கொழும்புக்குப் போகும் வழியில் அந்தக் கப்பல் கன்னியாகுமரியை ஒட்டிக் கடக்கும். அங்கே கொஞ்ச நேரம் நம்மூர் சிம்முக்கு சிக்னல் கிடைக்கும். கப்பலில் இருந்த வைஃபைக்கு ஒரு குறுஞ்செய்தியைச் சுமக்கவே மூச்சுவாங்கும். குரல் கேட்க வேண்டுமானால் கரை பக்கத்தில் வர வேண்டும். ஆனால் கப்பலின் அடிவயிற்றில் இஞ்சினோடு மல்லுக்கட்டுகிறவருக்குக் கரை வந்தது எப்படித் தெரியும்? அம்பு அரை விரல் தூரத்துக்கு வந்ததும் அக்காதான் இங்கிருந்து "மேல வாங்க" என்று செய்தி அனுப்புவார். கணவர் போனோடு மேல்தளத்துக்கு ஓடுவார். செய்தி பிந்தினால் ஊர் அவர் தலைக்கு மேலேயே கடந்துபோய்விடும்.

ஒரு பயணத்தில் கப்பல் நாலு விரலில் இருந்தபோது, உப்புக்காற்று தின்ற பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது; மானிட்டர் மட்டும் தப்பியது. இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி புது லேப்டாப்போடு வந்தார். அன்றைக்குத்தான் கப்பல் கன்னியாகுமரியைக் கடக்க வேண்டும்.

"போனில் பாருங்களேன் அக்கா" என்றேன்.

"போன்ல கடலு உள்ளங்கை அளவுதான் இருக்கு தம்பி. அதுல எங்கன விரல வைக்க?"

லேப்டாப் திரையும் உதவவில்லை. அரை விரல் என்பது அதில் எங்கே தொடங்குகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆக, பழைய மானிட்டரைப் புது லேப்டாப்போடு சேர்த்தே ஆக வேண்டும். மானிட்டர் வயரின் முனையில் இருபுறமும் திருகு வைத்த நீல நிற விஜிஏ, பதினைந்து ஊசி. லேப்டாப்பில் இருந்ததோ தட்டையான எச்டிஎம்ஐ துளை. நடுவே ஒரு தரகர் தேவைப்பட்டது. அண்ணாச்சி பைக்கில் போய் ஒரு கன்வெர்ட்டர் வாங்கிவந்து செருகினார். கறுப்புத் திரையில் "நோ சிக்னல்" என்ற எழுத்து மட்டும் மிதந்தது.

"ஆட்டிப் பாருங்க அண்ணாச்சி."

"ஆட்டிட்டேன்."

"ஊதிப் பாருங்க."

"நெஞ்சு வலிக்க ஊதியாச்சும்மா!"

அக்கா அதன் அட்டைப்பெட்டியைப் பிடுங்கிப் படித்தார். விஜிஏவில் இருந்து எச்டிஎம்ஐக்கு என்று போட்டிருந்தது. அந்தச் சாமான் ஒரே திசையில்தான் வேலை செய்யும்.

"அண்ணாச்சி! இது இம்போர்ட்டு. நமக்கு எக்ஸ்போர்ட்டுல்லா வேணும்!"

வாழ்நாளெல்லாம் அந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தே பிழைத்தவர் அண்ணாச்சி. "ரெண்டு பக்கமும் சொருகுனா சரக்கு போயிரும்னுல்லா நெனச்சேன்" என்று முனகியபடி மறுபடியும் பைக்கை உதைத்தார்.

இரண்டாவது கன்வெர்ட்டரில் படம் வந்தது. நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் அக்கா அலறினார்.

"ஐயையோ, தூத்துக்குடி கடலுக்குள்ள போயிட்டு!"

லேப்டாப்பின் அகலப் படம் சதுரத்துக்குள் நெருங்கி, இந்தியாவே ஒட்டடைக்குச்சியாக நின்றது. பொட்டு மன்னார் வளைகுடாவில் கிடந்தது. நான் செட்டிங்ஸில் நுழைந்து, படம் மானிட்டரில் மட்டும் வரும்படி வைத்து, 1280க்கு 1024 என்ற அதன் பழைய அளவைத் தேர்ந்தெடுத்தேன். நாடு பழையபடி உடம்பு தேறியது. அக்கா வரைபடத்தை நகர்த்தி ஊரைப் பொட்டுக்கு அடியில் கொண்டுவந்தார்.

பச்சை அம்பு அரை விரலைத் தொட்டு விலகத் தொடங்கியிருந்தது.

"மேல வாங்க" என்று அனுப்பினார். அதற்குள் இரண்டு தடவை அழித்து எழுதினார். பதில் இல்லை. கடகடவென்று ஓடிய ஃபேனை அண்ணாச்சி நிறுத்தினார். வேர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தோம்.

போன் அடித்தது.

மாதக்கணக்கில் அந்தக் கப்பலைப் பார்த்துக் கத்தித் தீர்த்தவர், "சாப்டியளா?" என்று மட்டும் கேட்டார். "ம்... இங்கன நல்ல வெயிலு. அங்கன?... ம்... மெலிஞ்சிட்டியளோ? கொரலே மெலிஞ்சி கெடக்கு." பிறகு, "கேக்குதா? ஏங்க, கேக்குதா?"

நெடுநேரம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"கட்டாயிட்டா அக்கா?"

"பேச்சு அப்பமே நின்னுட்டு தம்பி. காத்துச் சத்தம் கேட்டுட்டு இருந்துச்சு. இப்பம் அதுவும் இல்ல."

அம்பு கொழும்பைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் அலுவலகம் மூடும் நேரத்திலும் அக்கா அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே வந்தார். அக்காவின் மேசை வந்ததும், அந்தச் சுவிட்சை மட்டும் தொடாமல், சத்தம் வராமல் அலுவலகச் சாவியை அதன் ஓரத்தில் வைத்துவிட்டு, எங்களுக்கு முன்னால் படியிறங்கிப் போய்விட்டார்.