உங்கள் தங்கை வார்டை யாரிடம் ஒப்படைத்தாள்?

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் வீட்டு மாப்பிள்ளை பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நான் உடம்பளவில் நலம். அங்கே நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள், உங்கள் முழங்கால் வலியும் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். மட்டுப்படாவிட்டாலும் பரவாயில்லை, நொண்டிக்கொண்டாவது அடுத்த பஸ்ஸைப் பிடித்து இங்கே வரவேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. போனில் பேசினால் உங்கள் தங்கை கதவோரம் நின்று கேட்பாள். முன்பெல்லாம் கேட்டால் நடுவில் புகுந்து நாலு வார்த்தை திருத்துவாள், அது போகட்டும். இப்போது கேட்கிறாள், திருத்துவதில்லை. சும்மா நிற்கிறாள். எனக்குக் குலை நடுங்குகிறது மச்சான்.

ஆதியோடந்தமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை ஆறாம் வார்டில் நர்ஸ் என்பதும், அந்த வார்டில் அவளைவிட அனுபவம் கூடியவை கட்டில்கள் மட்டும்தான் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கெடுபிடி உண்டு. டியூட்டி முடிந்த சிஸ்டர் தன்பாட்டுக்குக் கிளம்பிவிட முடியாது. அடுத்து வருகிறவளிடம் கட்டில் கட்டிலாகச் சொல்லி வார்டை ஒப்படைக்க வேண்டும். வந்தவள் வாயைத் திறந்து 'வாங்கிக்கிட்டேன்' என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் வாசலைத் தாண்டலாம். மாற்று ஆள் வராவிட்டால் நிற்க வேண்டியதுதான். நிற்பது என்றால் நிஜமாகவே நிற்பது. சிஸ்டர்களுக்கு வார்டில் நாற்காலி கிடையாது. உடை மாற்றுவதற்கு ஆக்சிஜன் சிலிண்டர் அடுக்கிய ஒரு ஸ்டோர் ரூம், அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி உள்ளே மாற்றினால் இன்னொருத்தி வெளியே கதவில் முதுகைக் கொடுத்து நிற்க வேண்டும். இந்த லட்சணத்தில், உங்கள் தங்கையிடம் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்ட ஆண் நர்ஸ் ஒருவரை, சிஸ்டர்கள் அவரைச் 'சின்னவர்' என்பார்கள், வார்டுக்கே பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள். அவருக்குத் தனி அறை, உள்தாழ்ப்பாள், சுழல் நாற்காலி. ஆம்பளைக்குத்தான் அதிகாரம் பண்ண வரும் என்பது ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரின் கட்சி. சிஸ்டர்கள் எல்லாரும் சேர்ந்து, பதவியைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஒரு தாழ்ப்பாள், ஒரு நாற்காலி, நேரத்துக்கு ஒரு மாற்று ஆள் போதும் என்று போய்க் கேட்டார்கள். 'தாழ்ப்பாள் போட்டா உள்ள போய்த் தூங்குவீங்க, நாற்காலி போட்டா வெளிய உக்காந்து தூங்குவீங்க' என்று கண்காணிப்பாளர் விரட்டிவிட்டார். உங்கள் தங்கை வந்து என்னிடம் சொன்னாள். நான் ஆறுதலாகத்தான் பேசினேன். 'பெரிய இடம்னா அப்படி இப்படித்தான் இருக்கும், நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ' என்றேன். இதில் என்ன தப்பு சொல்லுங்கள். ஆனால் அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அதற்குப் பிறகு மாற்று ஆள் வருவதே அரிதாகிவிட்டது. டியூட்டிக்குப் போகிற உங்கள் தங்கை நாள் கணக்கில் வீடு திரும்புவதில்லை. நான் கடையில் வாங்கித் தின்று நாக்குச் செத்துப்போனேன், அதையெல்லாம் நான் பெரிதாகச் சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை. ஒருநாள் மதியம் வந்து வாசலில் நின்றாள். இரண்டு காலும் தலையணை மாதிரி வீங்கியிருந்தன. 'மாத்தாள் வந்தாச்சா?' என்று கேட்டேன். 'வரலைங்க' என்றாள். 'அப்புறம் எப்படி விட்டாங்க?' என்றதற்கு, 'ஸ்டோர் ரூம்ல வாஷ்பேசினுக்கு மேல ஒரு கண்ணாடி இருக்குல்ல, அதுல ஒருத்தி நின்னா. நல்லா விறைப்பா நின்னா. அவகிட்டயே கட்டில் கட்டிலாச் சொல்லி ஒப்படைச்சிட்டு வந்துட்டேன். எல்லாரும் அப்படித்தான் பண்ணினோம்' என்றாள். 'கண்ணாடிக்காரி என்ன சொன்னா?' என்று நான் சிரித்தேன். 'வாங்கிக்கிட்டேன்னா' என்றாள். அவள் சிரிக்கவில்லை.

பிறகு படுக்கையறைக்குள் போனாள். அலமாரிக் கண்ணாடிப் பக்கமிருந்து யாரிடமோ பேசும் சத்தம் வந்தது. பால் எவ்வளவு, தண்ணீர் எப்போது வரும், அவருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, அடுப்பில் இடது பக்கத் திருகு இறுகும், பார்த்துத் திருப்ப வேண்டும், இப்படி ஒவ்வொன்றாக. உங்களோடுதான் போனில் பேசுகிறாள் என்று நினைத்துக் கண்ணயர்ந்தேன். அரைத் தூக்கத்தில் வாசல் கதவு திறந்து மூடியது. குப்பை போடப் போயிருப்பாள் என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். எழுந்து பார்த்தால் அடுப்படியில் நிற்கிறாள். கால் வீக்கம் சுத்தமாக வடிந்திருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன் மச்சான், முதலில் எனக்குச் சொர்க்கமாகத்தான் இருந்தது. முணுமுணுப்பு இல்லை. 'ஈரத் துண்டைக் கட்டில் மேல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது' இல்லை. டீ நான் கேட்பதற்கு முன்னால் வந்தது. பேச்சுக்குக்கூட 'முடியலைங்க' என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. பெண்டாட்டி ஒருவழியாகத் திருந்திவிட்டாள் என்று எதிர்வீட்டுக்காரரிடம் போய்ப் பெருமை அடித்துக்கொண்டேன். மனிதர் வயிறெரிந்து போய் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

அப்புறம் சின்னச் சின்னதாக உறுத்த ஆரம்பித்தது. நான் எடைக்கல் முத்திரை அலுவலகத்தில் காலமெல்லாம் தராசு முள்ளையே பார்த்து ஓய்வு பெற்றவன். முள் மயிரிழை சாய்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவான் என்று கடைக்காரர்கள் என்னைக் கண்டு நடுங்குவார்கள். அப்படிப்பட்டவனுக்கு டீ டம்ளர் தினமும் இடது கைப்பக்கம் வருகிறது. அவள் வாட்ச் வலது கையில் இருக்கிறது. வகிடு மற்றப் பக்கம் இருக்கிறது. இடது கன்னத்து மருவைக் காணோம், வலது கன்னத்தில் இருக்கிறது. மரு எங்கேயாவது இடம் மாறுமா? சரி, கோளாறு என் கண்ணில்தான் என்று முடிவுகட்டி மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எழுத்தையெல்லாம் வாசிக்கச் சொல்லி, விளக்கடித்துப் பார்த்து, 'கண்ணு நல்லாத்தான் இருக்கு சார், நீங்க பார்க்கிறதுதான் இல்லை போல' என்றார். என்ன திமிர் பாருங்கள். அவரோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், உங்கள் தங்கை நான் விட்டுப்போன அதே இடத்தில் அதே மாதிரி நிற்கிறாள். 'உக்காரேன்' என்றேன். 'நாற்காலி இல்லைங்க' என்றாள். ஒரு நாற்காலியை இழுத்து அவள் முன்னாலேயே போட்டேன். அதை எதற்குப் பயன்படுத்துவது என்று தெரியாதவள் போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் சாப்பிடுவதையும் நான் பார்க்கவில்லை. சோறு குறைகிறது, அது என் வயிற்றுக்குள் போகிற அளவு மட்டும்தான் குறைகிறது. 'நீ சாப்டியா?' என்று கேட்டேன். 'நீ சாப்டியா?' என்று அவளும் என்னைக் கேட்டாள், அதே குரலில், அதே இழுப்பில். உங்கள் தங்கை இத்தனை வருடத்தில் என்னை நீ என்று சொன்னதில்லை. கடைசியாக ஒரு சோதனை செய்தேன். ஈரத் துண்டை எடுத்து, அவள் கண் முன்னால், அவள் படுக்கும் பக்கத்தில் போட்டேன். பேசாமல் எடுத்துக் கொடியில் காயப்போட்டாள். மறுபடியும் போட்டேன். மறுபடியும் எடுத்தாள். 'திட்டுடி, ஒரு வார்த்தை திட்டு' என்று கெஞ்சினேன். அவள் அடுத்த துண்டுக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

பொறுக்க முடியாமல் நேற்றுக் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். உங்கள் தங்கை அடுப்படியில் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினேன், இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். ஆறாம் வார்டுக்குள் நுழைகிறேன், அங்கே உங்கள் தங்கை நிற்கிறாள். ஒரு கிழவருக்கு நாடி பிடித்துக்கொண்டிருந்தாள். வலது கையில் வாட்ச், வலது பக்கம் பெயர்ப் பட்டை, அதில் எழுத்தெல்லாம் இடம் வலமாகப் புரட்டிப் போட்டதுபோல் வாசிக்க முடியாமல் இருந்தது. மற்ற சிஸ்டர்களைப் பார்த்தேன். எல்லாருக்கும் அப்படியே. ஒருத்திகூடப் பேசவில்லை, ஒருத்திகூடச் சுவரில் சாயவில்லை. பட்டப்பகல், ஜன்னலில் வெயில் காய்கிறது, எனக்குப் பல் தந்தியடிக்கிறது. கிழவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, 'குறை ஒண்ணும் இல்லை சார், நல்லாத்தான் பார்க்கிறாங்க. ஆனா கை கண்ணாடி மாதிரி சில்லுன்னு இருக்கு' என்று காதோடு சொன்னார்.

ஓடிப்போய்க் கண்காணிப்பாளர் அறையில் விழுந்தேன். மனிதர் புது மாப்பிள்ளைக் களையோடு இருந்தார். 'உங்க வீட்டம்மா தங்கம் சார். ரொம்ப நாளா வீட்டுக்கே போகலை, நின்னது நின்னபடி வேலை பார்க்கிறாங்க' என்றார். 'ரொம்ப நாளா வீட்லதான் சார் இருக்கா' என்றேன். அவர் அசரவில்லை. 'அப்ப ரெண்டு எடத்துலயும் பார்த்துக்கிறாங்க. பொம்பளைங்க நெனச்சா முடியும் சார். வேலை ஜாஸ்தின்னு உயிரை எடுக்கிறது அந்தச் சின்னவர் ஒருத்தர்தான்' என்றார். அந்த ஸ்டோர் ரூமைக் காட்டச் சொல்லி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். உங்கள் தங்கையும் கூடவே வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள். கண்ணாடியில் சிலிண்டர்கள் தெரிந்தன, கண்காணிப்பாளரின் வழுக்கை தெரிந்தது, என் முழி தெரிந்தது. நடுவில் அவள் தெரியவேண்டிய இடத்தில் வெறும் சுவர் தெரிந்தது. அவர் சீப்பை எடுத்து இருக்கிற நாலு முடியை வாரிக்கொண்டார். 'பழைய கண்ணாடி சார், சரியாக் காட்டாது' என்றார்.

எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்தது உங்கள் தங்கைதான். ஆகவே மச்சான், நீங்கள் உடனே புறப்பட்டு வரவேண்டும். அவள் யார் பேச்சையாவது கேட்பாள் என்றால் அது உங்கள் பேச்சைத்தான். வந்து ஓர் அதட்டல் போட்டு, அவளை உட்காரவைத்து, என்னைத் திட்டச் சொல்லிவிட்டுப் போங்கள். டீ நானே போட்டுக்கொள்கிறேன். எனக்கு என் பழைய பெண்டாட்டி வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் உங்கள் முழங்காலுக்கு என் விசாரிப்பையும் சொல்லவும். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழவேண்டும். அப்படியே நோய் வந்தாலும் கை சூடாக இருக்கிற சிஸ்டர்கள் உங்களுக்கு வாய்க்க வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் தட்டாத மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து மறந்துவிடவும். நீங்கள் வரவேண்டாம். உறையை ஒட்டுகிற நேரத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது. 'என்ன தம்பி, இன்னுமா தெரியலை? உங்க வீட்டுக்காரி அன்னைக்கு மதியமே இங்க வந்துட்டா. எங்க பின்னறையில தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுத் தூங்குறா, எழுந்து சாப்பிடுறா, மறுபடியும் தூங்குறா. அவராக் கண்டுபிடிக்கட்டும், யாரும் சொல்லக்கூடாதுன்னு எங்ககிட்டச் சத்தியம் வாங்கிட்டா. எனக்குத்தான் பாவமாப் போச்சு' என்றார். நீங்களும் இதற்கு உடந்தை என்பதை நான் மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன். பிறகு போனை அவள் வாங்கினாள். 'ஈரத் துண்டு எங்க கெடக்கு?' என்றாள். முதல் வார்த்தையே அதுதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எப்போது வருவாய் என்று கேட்டேன். 'தாழ்ப்பாள், நாற்காலி, நேரத்துக்கு மாத்தாள். மூணும் வந்தா அங்க வேலைக்கு வர்றேன். வீட்டுக்கும் அதேதான்' என்றாள். 'அப்ப இங்க நிக்கிறவ?' என்றேன். 'அவதான் பாவம் எவ்வளவு நேரம் நிப்பா? யாராவது வாங்கிக்க வேண்டாமா?' என்று வைத்துவிட்டாள்.

திரும்பினால் கண்ணாடிக்காரி எனக்கு எதிரே நிற்கிறாள். பால், தண்ணீர், மாத்திரை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அடுப்பில் வலது பக்கத் திருகு இறுகும் என்றாள். சொல்லி முடித்து என் வாயையே பார்த்தாள். 'வாங்கிக்கிட்டேன்' என்றேன். படுக்கையறைக்குள் போனாள். பின்னாலேயே போனேன், அறையில் ஆள் இல்லை. அலமாரிக் கண்ணாடியில் நான் தெரிந்தேன், எனக்குப் பின்னால் ஒரு நாற்காலி தெரிந்தது, அதில் அவள் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தேன். அறையில் நாற்காலியே இல்லை.

கொஞ்ச நேரத்தில் கண்காணிப்பாளர் கூப்பிட்டார், குரல் கீச்சென்று இருந்தது. எல்லா சிஸ்டர்களும் அவரைச் சுற்றி நின்று கட்டில் கட்டிலாகச் சொன்னார்களாம், இவர் பயத்தில் வாங்கிக்கிட்டேன் என்று உளறிவிட்டாராம். ஸ்டோர் ரூமுக்குள் போனவர்கள் வெளியே வரவில்லை. 'சின்னவர் ஓடிட்டார் சார், வார்டை விட்டு நகர முடியலை, உக்கார ஒரு நாற்காலி கூட இல்லை சார் இங்க' என்று அழுகிறார். தாழ்ப்பாளுக்கும் நாற்காலிக்கும் தச்சரை வரச்சொல்லியிருக்கிறாராம். பொறுப்பாளர் அறையையும் அனுபவம் பார்த்துக் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார்.

ஆகவே உங்கள் தங்கையை எழுப்ப வேண்டாம். அவளாக எழுந்ததும், துண்டு கொடியில் காய்கிறது என்றும், இரண்டு திருகையும் பார்த்துத்தான் திருப்புகிறேன் என்றும் சொல்லவும். அன்றைக்கு அடுப்படியில் இழுத்துப் போட்ட நாற்காலி அவளுக்காக அப்படியே இருக்கிறது. அதில் நான் உட்காரவில்லை, இந்தப் பின்குறிப்பை நின்றுகொண்டேதான் எழுதுகிறேன்.