மேல்மாடிக்கு வந்த வெப்பச்சலனம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை என்பதால் அப்படியே தொடங்குகிறேன். மற்றபடி உங்கள் மாமியார் என்னோடு பேசுவதில்லை, நான் ஈரப் பாயில் படுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன். அங்கு உங்கள் நலம், என் மகள் நலம், ஆஸ்பத்திரியில் ஒரு தடவை பார்த்ததோடு சரி என்று ஆகிவிட்ட என் பேத்தியின் நலம் அறிய ஆவல்.

விஷயத்துக்கு வருகிறேன். கீழே ரொட்டிக்கடை, மேலே தகரக் கூரைக்கு அடியில் நாங்கள். மத்தியானத்தில் உச்சி வெந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். "அந்த அடுப்புக்குள்ள கைக்குழந்தையைக் கொண்டு வர முடியாதுப்பா, சூடு குறைஞ்சா சொல்லுங்க, வர்றோம்" என்று மகள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். பிடிவாதம் என்னிடமிருந்து போனது, நான் வாயைத் திறக்க முடியாது. உடனே நீங்கள் போனை வாங்கினீர்கள். வானிலை ஆபீஸில் வேலை பார்க்கிறவர் ஆயிற்றே, சும்மா இருப்பீர்களா? "ரொம்ப சிம்பிள் மாமா. சூடான காத்து லேசாகி மேல ஏறும், குளிர்ந்த காத்து கனமா இருக்கும், கீழ இறங்கும். கூரையில ஒரு திறப்பு, சுவத்துல தரையை ஒட்டி ஒரு திறப்பு. மேல சூடு வெளியே போகப் போக, கீழ குளிர்ந்த காத்து தானா உள்ள வரும்" என்றீர்கள். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவனுக்கு இது புரியாதா? ஒரு படியில் ஏறு, இன்னொரு படியில் இறங்கு, நடுவில் நிற்காதே. இதைத்தான் சர்வீஸ் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினேன், ஒருத்தரும் கேட்டதில்லை. காற்றாவது கேட்கும் என்று நம்பினேன்.

கொத்தனாரைக் கூப்பிட்டு முதலில் சுவரைக் குடையச் சொன்னேன். சந்துப் பக்கம்தான் எப்போதும் நிழல், அங்கேதான் குளிர்ந்த காற்று இருக்கும் என்று கணக்குப் போட்டேன். ரொட்டிக்கடை அடுப்பின் புகைக்குழாயும் அதே சந்தில், அந்த இடத்துக்கு நேர் கீழேதான் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. தினம் பார்க்கிற குழாய்தான் மாப்பிள்ளை, ஆனால் உங்கள் விஞ்ஞானம் தலைக்கு ஏறியிருந்ததால் கண்ணில் படவில்லை. மறுநாள் கடைக்காரர் அடுப்பைப் பற்றவைத்ததும் மொத்த அனலும் திறப்பு வழியாக எங்கள் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. "இவ்வளவு நாள் சும்மா வெந்துக்கிட்டு இருந்தோம், இப்ப ரொட்டி வாசனையோட வெந்துக்கிட்டு இருக்கோம்" என்றாள் உங்கள் மாமியார். நான் கீழே போய்க் கடைக்காரரிடம் நியாயம் கேட்டால், அவர் மாவுக் கையைக்கூடத் துடைக்காமல், "சூடு மேலதான் போகும்னு உங்க மாப்பிள்ளையே சொன்னாராமே. மேல இருக்கிறது நீங்க. நான் என்னங்க பண்ணட்டும்?" என்கிறார்.

உங்களுக்குப் போன் போட்டேன். "கூரையைத் திறக்காம விட்டா எப்படி மாமா? ரெண்டும் இருந்தாத்தான் ஓட்டம் வரும்" என்றீர்கள். மழை வந்தால் என்று கேட்டேன். "வறண்ட வானிலை மாமா, தைரியமா திறங்க." திறந்தேன். ஒரு தகரத்தையே கழற்றினேன். அன்று சாயங்காலமே வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டு கொட்டென்று கொட்டியது. பேத்திக்கென்று வாங்கி, துணி கட்டி, திறப்புக்கு நேர் கீழே தொங்கவிட்டிருந்த தொட்டில் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது. அந்த மழையில் நின்றுகொண்டு உங்களைக் கூப்பிட்டால், நீங்கள் பாடம் எடுக்கிறீர்கள். "வெயில்ல தரை சூடாகி, அதுமேல இருக்கிற ஈரக்காத்து மேல எழும்பி, உயரத்துல குளிர்ந்து மேகமாகும் மாமா. வெப்பச்சலன மழை. எந்தத் தெருவுல பெய்யும்னு யாராலயும் சொல்ல முடியாது." நான் சொல்கிறேன் மாப்பிள்ளை, என் தெருவில். என் அறையில் நான் வரவழைக்கப் பார்த்த அதே சமாச்சாரம் ஊர் அளவில் நடந்து, என் கூரை வழியாகவே இறங்கியிருக்கிறது.

கதை இன்னும் முடியலை. மேல ஏறி, கீழ இறங்கி, நடுவுல நிக்காம போனது அந்தத் தண்ணி ஒண்ணுதான். தரையை ஒட்டின திறப்பு வழியா வெளியே பாய்ஞ்சு, நேரா ரொட்டிக்கடைக் குழாய்க்குள்ள விழுந்து, அடுப்பு அணைஞ்சு, உள்ள இருந்த ரொட்டி அத்தனையும் களியாப் போச்சு. கடைக்காரர் தலையில மாவும் வாயில நெருப்புமா மாடியேறி வந்தார். அவர் பேசினதை நான் எழுத மாட்டேன், நீங்க வீட்டு மாப்பிள்ளை.

போதும் சாமி. நாளைக்குக் கொத்தனார் வந்து ரெண்டு திறப்பையும் அடைக்கப் போறார். நீங்க யாரும் வர வேண்டாம். குழந்தை அங்கயே சௌகரியமா இருக்கட்டும், நான் போட்டோவுல பார்த்துக்கிறேன். சொல்ல வெட்கமாத்தான் இருக்கு, அந்தத் தொட்டிலைப் பிழிஞ்சு காயப்போடும்போது எனக்கு அழுகை வந்திடுச்சு.

மகளுக்கு என் அன்பு. பேத்திக்கு முத்தம். உங்களுக்கு, கோபம் ஆறிய பிறகு தரலாம் என்று வைத்திருக்கும் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் விஞ்ஞானத்தில் நனைந்த மாமனார்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் ரொட்டிக்கடைக்காரர் ஆளோடு வந்துவிட்டார். இனி ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தன் அடுப்பில் விழக்கூடாது என்று, குழாயை எங்கள் கூரைக்கும் மேலே நீட்டி, அதற்குத் தொப்பி போட்டு, அதே கையோடு எங்கள் கூரைத் திறப்புக்கும் காற்று போக இடம் விட்டு ஒரு தகரக் குடை வைத்துவிட்டார். இன்று மத்தியானம் கீழ்த் திறப்பில் ஒரு பழைய பஸ் டிக்கெட்டைப் பிடித்துப் பார்த்தேன், உள்பக்கமாகப் படபடவென்று அடித்துக்கொண்டது. உங்கள் மாமியார் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். தொட்டிலும் காய்ந்துவிட்டது. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு முதல் பஸ்ஸுக்கே மூன்று பேரும் கிளம்பி வாருங்கள். பேத்திக்குக் கம்பளி ஒன்று எடுத்து வரச் சொல்லுங்கள், இங்கே குழந்தைக்குக் குளிரும்.